உடம்புக்கும் ஒரு தராசு வேண்டும்!



வரி, உரிமம், எடை முத்திரை, லாரி வாடகை என்று எழுதுவதுதான் நம் இதழின் வழக்கம். இந்த முறை உடம்பைப் பற்றி எழுத அனுமதி கேட்கிறேன். ‘மளிகைக் கடைக்காரனுக்கு உடற்பயிற்சி எதற்கு? தினமும் மூட்டை தூக்குகிறோமே, அது போதாதா?’ என்று உங்களில் பலர் கேட்பீர்கள். இரண்டு வருடம் முன்புவரை நானும் அப்படித்தான் கேட்டுக் கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாள் கல்லாவில் உட்கார முடியாமல் படுத்த பிறகுதான் எனக்குப் பதில் தெரிந்தது.

திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இருக்கும் இரும்பையில், தகப்பனார் வைத்த மளிகைக் கடையை நான் நடத்துகிறேன். மரக்காணத்து உப்பும் திண்டிவனத்து அரிசியும் புதுச்சேரி மொத்தக் கடைச் சரக்கும் எங்கள் கடையில் வந்து இறங்கும். ஊர்ப் பெயரிலேயே இரும்பு இருக்கிறது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். என் முதுகைப் பதம் பார்த்ததும் ஓர் இரும்புதான்.

என் மகன் செல்போனில் பார்த்துவிட்டு ‘கெட்டில்பெல்’ என்று ஒன்றை வாங்கி வந்தான். உருண்டையான இரும்புக் குண்டு. மேலே வளைந்த கைப்பிடி. எடை 16 கிலோ. அப்பா காலத்து எடைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்தது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ‘50 கிலோ மூட்டை தூக்கியவனுக்கு 16 கிலோ எம்மாத்திரம்?’ என்று அடுத்த நாள் விடிகாலையில் படுக்கையிலிருந்து எழுந்த கையோடு வீசிப் பார்த்தேன். இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள், குண்டைக் கீழே வைக்கக் குனிந்தபோது இடுப்பில் ‘பளிச்’ என்று ஒரு வெட்டு. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

பன்னிரண்டு நாளும் என் மனைவிதான் கடையைப் பார்த்துக் கொண்டார். கடன் நோட்டில் யார் யாருக்கு எவ்வளவு என்பது பாதி என் தலையில் இருந்தது. அதனால் வர வேண்டிய பணத்தில் கொஞ்சம் வராமலே போயிற்று. தட்டு விலகவில்லை, தசைப்பிடிப்புதான் என்று டாக்டர் சொன்னார். அவர் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட் தம்பி, “மூட்டையை எப்படித் தூக்குவீங்க, செஞ்சு காட்டுங்க ஐயா” என்றார். காட்டினேன். அவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை காதில் நிற்கிறது: “ஐயா, உங்களுக்கு பலம் இருக்கு; தூக்கத்தான் தெரியல.”

நாற்பது வருடமாகத் தூக்கியவனுக்குத் தூக்கத் தெரியவில்லையாம்! கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் சொன்னது சரிதான்.

இது நம்முடைய பொருள்தான்

கெட்டில்பெல்லை ஏதோ பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். அது பிறந்ததே வியாபாரிகள் நடுவில்தான். ருஷ்ய நாட்டுச் சந்தைகளில் தானியம் நிறுக்கத் தராசில் வைத்த எடைக்கல்தான் அது. அங்கே அதற்கு ‘கீர்யா’ என்று பெயர். அந்நாட்டுப் பழைய எடை ‘பூடு’. ஒரு பூடு என்பது 40 ருஷ்யப் பவுண்டு, அதாவது 16.38 கிலோ. இன்றைக்கும் கெட்டில்பெல் 16, 24, 32 கிலோ என்று விற்கிறதே, அது ஒரு பூடு, ஒன்றரைப் பூடு, இரண்டு பூடு என்ற கணக்குதான்.

நம் பெரியவர்கள் சொன்ன கணக்கும் இதே மாதிரிதான். 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. சென்னை மாகாணத்து மணங்கு 25 பவுண்டு, ஏறக்குறைய 11.3 கிலோ. 1956-இல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாகக் கிலோ கல் வந்தது. வீசைக் கல் பரணுக்குப் போயிற்று. பிறகு எலெக்ட்ரானிக் தராசு வந்து கிலோ கல்லும் மூலைக்குப் போயிற்று.

சந்தைக்கு வந்த ருஷ்யக் குடியானவர்கள், ஓய்ந்த நேரத்தில் அந்தக் கல்லைத் தூக்கிப் பலப்பரீட்சை செய்தார்கள். 1885-இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் கிரயேவ்ஸ்கி என்ற டாக்டர் ஓர் உடற்பயிற்சி மன்றம் தொடங்கி, அந்த விளையாட்டை முறையான பயிற்சியாக்கினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1985-இல், சோவியத் நாட்டில் அதற்குப் போட்டி விதிகள் வகுத்தார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கா வழியாக உலகெங்கும் பரவி, இப்போது நம் பிள்ளைகளின் செல்போனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நம்மிடமும் இப்படி உண்டு. தென் மாவட்டங்களில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவார்கள். கர்லாக்கட்டை சுற்றுவது நம் நாட்டுப் பயிற்சிதான். ஆங்கிலேயப் படையினர் அதைப் பார்த்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் ‘இந்தியன் கிளப்’ என்று பெயர் வைத்தார்கள். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் அது ஒரு பந்தயமாகவே நடந்தது. ஆகவே, சுமையைப் பயிற்சியாக எடுப்பது நமக்குப் புதிதல்ல; நாம் விட்டுவிட்ட பழக்கம், அவ்வளவுதான்.

மூட்டை தூக்குவது போதாதா?

இனி முதல் கேள்விக்கு வருவோம். மூட்டை தூக்குவது பயிற்சி ஆகாதா? ஆகாது என்பதே என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு 10 மணிக்கு இறக்குகிறோம். நடுவில் பெரும்பகுதி கல்லாவில் உட்கார்ந்தே கழிகிறது. எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தவன், லாரி வந்ததும் திடீரென்று எழுந்து 50 கிலோவைத் தூக்குகிறான். அதுவும் எப்போதும் ஒரே தோளில், ஒரே பக்கம் திரும்பி, ‘லாரிக்காரன் போகணும்’ என்ற அவசரத்தில். இது பயிற்சி அல்ல. கையில் இருப்பு இல்லாமல் காசோலை எழுதுவது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் திரும்பி வந்தே தீரும்.

பயிற்சி என்பது அளவு. எத்தனை கிலோ, எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளி என்று கணக்கு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. எடைக்கல்லுக்கும் தராசுக்கும் தவணை தவறாமல் முத்திரை வைக்கிறோம். பத்து கிராம் குறைந்தாலும் நமக்கு மனம் ஒப்பாது. ஆனால் நம் முதுகு எவ்வளவு தாங்கும் என்று ஒரு நாளாவது நிறுத்துப் பார்த்திருக்கிறோமா?

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வுப்படி, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நம் பக்கத்துப் புதுச்சேரியில் 26.3 சதவீதம். நாலு பேரில் ஒருவர்! உட்கார்ந்தே பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் பயப்பட அதிகக் காரணம் இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடப்பது போன்ற உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. நடை நமக்குத் தெரியும். இரண்டாவதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

டென்மார்க்கில் 40 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2011-இல் வெளிவந்தது. கழுத்து வலி, இடுப்பு வலி அதிகம் வருகிற வேலையில் இருந்தவர்கள் அவர்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் 3 நாள், 20 நிமிடம், 8 வாரம் கெட்டில்பெல் பயிற்சி கொடுத்தார்கள். கழுத்து, தோள், இடுப்பு வலி குறைந்தது. முதுகுத் தசைக்கு வலு கூடியது. ஆனால் மூச்சுத் திறன் கூடவில்லை. ஆகவே, ‘கெட்டில்பெல் இருக்கிறதே, நடக்க வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் வேண்டும்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், இதுவரை பயிற்சியே செய்யாதவர்களும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. கீழே சொல்லும் தொல்லை உள்ளவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும்.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், குடல் இறக்கம் உள்ளவர்கள், முதுகில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், இடுப்பு வலி காலுக்கு இறங்கி மரத்துப் போகிறவர்கள், கருவுற்ற தாய்மார்கள். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தக் கசிவு என்று சொல்லப்பட்டவர்கள், கண் டாக்டர் சரி என்று சொல்லும்வரை எடை தூக்கவே கூடாது.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, பயிற்சியின் போதோ சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். நம் கடையில் இல்லாத சர்க்கரையா? ஆனால் அது மூட்டையில் இருந்து பயனில்லை. கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க நேரமில்லை என்பது இனிச் சாக்கு ஆகாது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள்.

இடமும் கல்லும்

பயிற்சிக்குப் பெரிய கூடம் வேண்டாம். கையை நீட்டிச் சுற்றினால் எதுவும் தட்டாத இடம் போதும். வழவழப்பான டைல்ஸ் தரை வேண்டாம். வியர்வை சொட்டினால் வழுக்கும். குண்டு விழுந்தால் தரையும் உடையும். சாக்கை விரித்து அதன்மேல் நிற்கவும் கூடாது, அது நகரும். சிமெண்டுத் தரையோ, மொட்டை மாடியோ, கெட்டியான ரப்பர் விரிப்போ நல்லது. குழந்தைகளும் நாய் பூனையும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேட்டி, லுங்கியோடு செய்யாதீர்கள். குண்டு இரண்டு காலுக்கும் நடுவில் போய் வருவது. துணி சிக்கினால் விபத்துதான். அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மோதிரம், காப்பு, கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். பெண்கள் சுடிதார் அணிந்தால் துப்பட்டாவை எடுத்துவிட வேண்டும்.

நம் கடற்கரைக்கு ஒரு தனி எச்சரிக்கை. மரக்காணத்திலிருந்து வீசுகிற உப்புக் காற்றில் ஷட்டரே துருப்பிடிக்கிறது. இந்தக் குண்டு பிடிக்காதா? துருப்பிடித்த கைப்பிடி உள்ளங்கையைக் கிழிக்கும். துருவுக்குப் பயந்து எண்ணெய் தடவினாலோ கையிலிருந்து நழுவிப் பறக்கும். பயிற்சி முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். குண்டில் எண்ணெய் தடவலாம், கைப்பிடியில் தடவாதீர்கள்.

எத்தனை கிலோ வாங்குவது? இதில்தான் என்னைப் போல வீராப்பு காட்டி மாட்டிக்கொள்வார்கள். பழக்கமில்லாத ஆண்கள் 8 கிலோவிலிருந்து 12 கிலோ. பெண்கள் 4 கிலோவிலிருந்து 8 கிலோ. வயதானவர்கள் இதிலும் குறைந்ததை எடுக்கலாம். அந்தக் காலத்து ஒரு மணங்குக்கு மேல் வேண்டவே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கைப்பிடியைத் தடவிப் பாருங்கள். வார்ப்பு பிசிறு இருந்தால் வேண்டாம். இரண்டு கையும் பிடிக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூலையில் கிடக்கிற பழைய எடைக்கல்லை வைத்து வீசிப் பார்க்கலாமே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடாது. அதன் பிடி வீசுவதற்கு ஏற்றதல்ல. மேலும் முத்திரை வைத்த கல் கீழே விழுந்து மூலை உடைந்தால் எடை குறையும். அதைத் திரும்பத் தராசில் வைத்தால் வாடிக்கையாளருக்குத் துரோகம், சட்டப்படி குற்றமும்கூட.

எட்டு வாரக் கணக்கு

எனக்குச் சொல்லிக் கொடுத்த வரிசையைச் சொல்கிறேன். வாரம் 3 நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 15 முதல் 20 நிமிடம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். மத்தியானம் பாதி ஷட்டர் போட்டிருக்கும் நேரம், கடை திரும்பத் திறப்பதற்கு முன் எனக்கு வசதி. படுக்கையிலிருந்து எழுந்த உடனே மட்டும் வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புத் தட்டுகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். அப்போது குனிந்து எடை தூக்கினால் எளிதில் அடிபடும். ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு தூக்குங்கள். விடிகாலை லாரிக்கும் இது பொருந்தும்.

முதல் இரண்டு வாரம் எடையே இல்லை. சுவருக்கு ஒரு சாண் முன்னால், முதுகைச் சுவருக்குக் காட்டி நில்லுங்கள். முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி, புட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். பிறகு நிமிருங்கள். ஒரு துடைப்பக் கம்பை முதுகோடு நீளமாகப் பிடித்துக்கொண்டால், அது பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் விட்டாலும் முதுகு வளைகிறது என்று பொருள். மடங்க வேண்டியது இடுப்புக் கீல், முதுகெலும்பு அல்ல. இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் பாதிப் பயிற்சி முடிந்தது. நான் நாற்பது வருடம் தெரியாமல் இருந்தது இதைத்தான்.

மூன்றாவது, நான்காவது வாரம் சின்ன எடை. காலியான 5 லிட்டர் எண்ணெய் கேனைக் கழுவித் தண்ணீர் நிரப்புங்கள். எண்ணெய் இருந்தால் 4.55 கிலோ, தண்ணீர் என்றால் 5 கிலோ. நமக்குத் தெரியாத கணக்கா? கேனை இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்து, சுவர்ப் பாடத்தில் கற்றபடி இடுப்பை மடக்கி எடுத்து நிமிர்ந்து நின்று, அதேபோல் கீழே வையுங்கள். 8 முறை, ஓய்வு, இப்படி 3 தடவை. கேனை வீசாதீர்கள், பிடி கழன்றுவிடும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை கெட்டில்பெல். மூன்றே பயிற்சி. ஒன்று, கேனில் செய்தது போலவே எடுத்து வைத்தல். இரண்டு, குண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்காருவதைப் போல் மெதுவாக உட்கார்ந்து எழுதல். கீழே இறங்க முடியாதவர்கள் நிஜ நாற்காலியையே வைத்துக்கொள்ளலாம். மூன்று, ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு பக்கவாட்டில் சாயாமல் 20 அடி நடந்து, கை மாற்றித் திரும்பி வருதல். வாடிக்கையாளர் வீட்டுக்குப் பை கொண்டுபோகிற நடைதான். ஆனால் நிமிர்ந்த நடை.

எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்காதீர்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் குப்பென்று ஏறும்.

செல்போனில் எல்லோரும் காட்டுகிற ‘ஸ்விங்’ என்ற வீச்சு, இரண்டு மாதம் முடிந்த பிறகுதான். அதுவும் நேரில் ஒருவர் பார்த்துத் திருத்த, இரண்டு கையாலும் பிடித்து, 10 முறைக்கு மேல் போகாமல் தொடங்க வேண்டும். வீச்சில் கை வெறும் கயிறு. ஊஞ்சலைத் தள்ளிவிடுவது போல இடுப்புதான் குண்டைத் தள்ள வேண்டும். கையால் தூக்கினால் தோள் போகும். முதுகால் தூக்கினால் இடுப்பு போகும். குண்டு நெஞ்சு உயரத்துக்கு மேலே போக வேண்டியதில்லை. சாதாரணமாகச் சுமை தூக்குவதில் வலியே இல்லாத சிலருக்கும் வீச்சில் முதுகு வலி வருவதுண்டு. முதுகெலும்பின்மேல் அது வேறு விதமான விசையைத் தருகிறது. அப்படிப்பட்டவர்கள் வீச்சை விட்டுவிடலாம். மற்ற மூன்றுமே போதும். மானக் குறைவு ஒன்றும் இல்லை.

தலைக்கு மேல் தூக்கும் வித்தைகளை முதல் ஆறு மாதம் நினைக்கவே வேண்டாம். குண்டு கையிலிருந்து நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். தரை உடைந்தால் சிமெண்டு பூசலாம். கடைசி முறை கீழே வைக்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். எனக்கு அடிபட்டது அங்கேதான். ‘முடிந்தது’ என்று மனம் சொன்னதும் முதுகு வளைந்துவிட்டது.

எங்கே நிறுத்த வேண்டும்?

மறுநாள் தொடையிலும் புட்டத்திலும் லேசாக வலித்தால் அது உழைப்பின் வலி. இரண்டு நாளில் போய்விடும். நடு முதுகெலும்பில் வலித்தால் நிறுத்திவிட்டு, செய்யும் முறையைச் சரிபாருங்கள். நெஞ்சை அடைத்தாலோ, இடது கை, தாடைக்கு வலி பரவினாலோ, அளவுக்கு மீறி மூச்சு வாங்கினாலோ ‘வாயு’ என்று சோடா குடித்துக் கொண்டிருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

இதுவரை நம்மைப் பற்றியே பேசினேன். நம் கடைக்கு மூட்டை இறக்குகிற லோடுமேனைப் பற்றிப் பேசாமல் முடித்தால் இந்தக் கட்டுரை பாதி எடைதான்.

உப்பளத்தில் பாருங்கள். கூடையைத் தனியாகக் குனிந்து தூக்கித் தலையில் வைப்பவர் குறைவு. இன்னொருவர் கை கொடுப்பார். சுமை தலைக்கு நேர் மேலே, முதுகு நேராக நடப்பார்கள். பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவர்களுக்கு வலி இல்லாமல் இல்லை. காரணம் முறை அல்ல, அளவு. நாளெல்லாம் சுமந்தால் எந்த முறை காப்பாற்றும்? ஓய்வோடு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் பயிற்சி. அந்த வசதி முதலாளிக்கு உண்டு; தொழிலாளிக்கு நாம் கொடுத்தால்தான் உண்டு.

ஓர் ஆண் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் அதைச் சீக்கிரமே குறைக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. நாம் பார்த்த 100 கிலோ சர்க்கரை மூட்டை பிற்பாடு 50 ஆயிற்று. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீத வரி வந்ததும், ஆலைக்காரர்கள் உடனே 26 கிலோ மூட்டை போட்டார்கள். வரிக்காக ஒரு கிலோவைக் கூட்ட ஒரே வாரத்தில் வழி கண்ட நம் தொழில், தொழிலாளியின் முதுகுக்காகப் பத்து கிலோ குறைக்க வழி காணாதா?

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, வருகிற மே 5 வணிகர் தினத்தில் கடை முதலாளிகளுக்கும் கடை ஊழியர்களுக்கும் லோடுமேன்களுக்கும் சேர்த்து ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை முகாம் வைக்க வேண்டும். இரண்டு, மாதக் கூட்டத்தில் ஒருமுறை ஒரு பிசியோதெரபிஸ்டை அழைத்து, மூட்டை தூக்கும் முறையை அரை மணி நேரம் செய்து காட்டச் சொல்ல வேண்டும். வரி ஆலோசகரை அழைக்கிறோமே, அதுபோல. மூன்று, ஒவ்வொரு கடைத்தெருவுக்கும் பொதுவாக ஒரு தள்ளுவண்டியாவது சங்கச் செலவில் வாங்கி வைக்க வேண்டும். வண்டி சுமக்க வேண்டியதை முதுகு சுமக்கக் கூடாது.

‘இதற்கெல்லாம் ஏது நேரம்?’ என்று கேட்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். வாரம் 3 நாள், 20 நிமிடம் என்றால் வருடத்துக்கு 52 மணி நேரம். நான் படுத்துக் கிடந்த பன்னிரண்டு நாளில் கல்லாவில் இல்லாத நேரம் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். லாப நட்டம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அந்த 16 கிலோ குண்டு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. மகன் எடுக்கிறான். நானும் என் மனைவியும் 8 கிலோ ஒன்று வாங்கிக்கொண்டோம். அவர் என்னைவிட முறையாகச் செய்கிறார். தண்ணீர்க் கேனும் கேஸ் சிலிண்டரும் தூக்கி நகர்த்துகிற வீட்டுப் பெண்களுக்கு இது நம்மைவிட அவசியம் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக முதுகுக்காக ஒரு நாளும் கடை மூடவில்லை. அடுத்து 10 கிலோவுக்குப் போகலாம் என்று மகன் சொல்கிறான். அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். கடை நம்முடையது, முதுகும் நம்முடையது. பிறருக்கு அளந்து கொடுத்தே வாழ்கிற நாம், நமக்கும் கொஞ்சம் அளந்து எடுத்துக்கொள்வோம்!